வெள்ளைச் சேற்றில் சைக்கிள் நின்றால்: பீக் டிஸ்ட்ரிக்ட் சரளைப் பாதைகளில் அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

இங்கிலாந்தின் டார்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்டின் தெற்குப் பகுதி பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். வொயிட் பீக் என்று பெயர். அதற்குள் மூன்று பழைய ரயில் தடங்கள் இன்று கார் நுழையாத சரளைப் பாதைகளாக இருக்கின்றன. ஹை பீக் டிரெயில் சுமார் 28 கி.மீ., டிஸ்ஸிங்டன் டிரெயில் 21 கி.மீ., மான்சல் டிரெயில் 14 கி.மீ. முதல் இரண்டும் பார்ஸ்லி ஹே என்ற இடத்தில் சேர்கின்றன.

டார்பிப் பக்கம் இருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு அங்கே போகிறோம். கார் எடுப்பதில்லை. குரோம்ஃபோர்ட் வரைக்கும் ரயில், அங்கிருந்து சைக்கிள். சில நாள் சுற்றிக்கொண்டு பக்ஸ்டன் போய், அங்கிருந்து ரயில் ஏறுவோம். குழுவில் யார் வண்டி நின்றாலும் "அண்ணா, கொஞ்சம் பாருங்க" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். பல வருஷம் பார்த்ததில், வருவதெல்லாம் அதே ஏழெட்டுப் பழுதுதான். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பொருளால் வருகிறது: பாதையில் போட்டு இறுக்கியிருக்கும் சுண்ணாம்புக்கல் தூள். காய்ந்திருந்தால் அதைவிட நல்ல தரை கிடையாது. மழை பெய்தால் சுவருக்கு வெள்ளையடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். செயினில், பிரேக்கில், மட்கார்டுக்குள் எல்லாம் அப்பிக்கொள்ளும்.

## கருவியை எடுக்கும் முன் ஒரு கணக்கு

காரில் வந்தவருக்கு வண்டி நின்றால் யாராவது வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். நமக்கு ரயில் நிலையம் வரைக்கும் நம் கால்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 5 கி.மீ. நடக்கலாம், குழந்தைகள் இருந்தால் 4. அதனால் பழுது வந்ததும் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. இங்கிருந்து நிலையத்துக்கு நடந்தால் எத்தனை மணி நேரம், கடைசி ரயிலுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுவேன். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அதில் பாதிதான் பழுது பார்ப்பதற்கு. அதற்குள் முடியவில்லை என்றால் கருவியை மூடிவிட்டு நடக்கத் தொடங்குவேன்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய தூரங்கள் இவை. ஹை பீக் டிரெயிலில் மிடில்டன் சரிவின் உச்சியான மிடில்டன் டாப்பிலிருந்து குரோம்ஃபோர்ட் நிலையம் ஒன்றேகால் மணி நேர நடை, எல்லாம் இறக்கம். பார்ஸ்லி ஹேயிலிருந்து பக்ஸ்டன் சுமார் 14 கி.மீ., கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். மான்சல் டிரெயிலின் மேற்கு முனையான பிளாக்வெல் மில்லிலிருந்து பக்ஸ்டன் சுமார் 5 கி.மீ.தான். ஆனால் நேர்வழியில் பெரும்பகுதி ஏ6 நெடுஞ்சாலை, இருட்டிய பிறகு அதில் இறங்க வேண்டாம். அதே மான்சல் டிரெயிலில் இருக்கும் பேக்வெல் ஊரிலிருந்து மேட்லாக் நிலையம் சுமார் 13 கி.மீ. டிஸ்ஸிங்டன் டிரெயிலின் தெற்கு முனையான ஆஷ்போர்னில் ரயில் நிலையமே இல்லை, அங்கிருந்து டார்பி சுமார் 21 கி.மீ. அதனால் நடுங்கும் வண்டியோடு ஆஷ்போர்ன் பக்கம் இறங்கவே இறங்காதீர்கள்.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு டியூப், ஒட்டுப் பெட்டி, டயர் லீவர், பம்பு, ஆலன் கீ கட்டு, செயின் பின் தள்ளும் கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் செயின் லாக் (அறுந்த செயினைக் கோக்கும் இணைப்புக் கண்ணி) இரண்டு, ஒரு ஜோடி பிரேக் பேட், சின்னப் புட்டியில் செயின் எண்ணெய், பழைய பருத்தித் துணி, பல் துலக்கும் பிரஷ், நாலைந்து பிளாஸ்டிக் கட்டு. அப்புறம் குடிக்கிற தண்ணீர் போக, வண்டிக்கென்றே ஒரு பாட்டில் தண்ணீர். இந்த பாட்டில் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு மழை நாளைக்குப் பிறகு கேட்பதில்லை.

## அறிகுறி 1: பிரேக் பிடிக்கவில்லை, அல்லது கத்துகிறது

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. ஹை பீக் டிரெயிலில் ஏறிவிட்டால் பெரும்பாலும் சமதளம். ஆனால் குரோம்ஃபோர்டுக்குத் திரும்பும்போது மிடில்டன் சரிவும் ஷீப் பாஸ்ச்சர் சரிவும் இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று சரிவு. 1830 வாக்கில் இந்தத் தடத்தைப் போட்டவர்கள், ரயில் என்ஜின் ஏற முடியாது என்று மேலே நீராவி என்ஜினை நிறுத்திக் கயிறு கட்டி வேகன்களை இழுத்தார்கள். 1888-இல் ஷீப் பாஸ்ச்சரில் அறுத்துக்கொண்டு ஓடிய வேகன்கள் கீழே இருக்கும் கால்வாயையும் ரயில் பாதையையும் தாண்டிப் போய் விழுந்தன. அதற்குப் பிறகு, ஓடிவரும் வேகனைப் பிடிக்கச் சரிவின் கீழே ஒரு குழி வெட்டினார்கள். நொறுங்கிய வேகன் ஒன்று அந்தக் குழிக்குள் கிடப்பதைப் பாதையோரத்தில் நின்று பார்க்கலாம். புதிதாக வருபவர்களை நான் அங்கே நிறுத்திக் காட்டுவது பிரேக்குக்காகத்தான்.

ஈரத்தில் கீச்சென்று கத்துகிறது, ஆனால் பிடிக்கிறது. தண்ணீரும் தூளும்தான் காரணம். பெடல் மிதித்துக்கொண்டே பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஐம்பது மீட்டர் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் வேலை முடிந்தது. நிற்காவிட்டால் வண்டித் தண்ணீரை டிஸ்க் தட்டின் மேல், அல்லது ரிம் பிரேக் என்றால் ரிம்மின் மேல், ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றிக் கழுவுங்கள். துணியால் துடைக்கும்போது துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. செயின் துடைத்த துணியால் டிஸ்க்கைத் துடைத்து, பிரேக்கே இல்லாமல் போனதை இருமுறை பார்த்திருக்கிறேன்.

உலோகம் உலோகத்தில் உரசுகிற மாதிரி கர்ரென்று சத்தம். உடனே நிறுத்துங்கள். பேட் தேய்ந்து முடிந்திருக்கலாம். டிஸ்க் பிரேக்கில் மேலிருந்து எட்டிப் பார்த்தால் இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் தேய்மானப் பகுதி தெரியும். அது அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும், ஒரு மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம். சுண்ணாம்புச் சேறு தேய்ப்புக் காகிதம் மாதிரி வேலை செய்கிறது. ரெசின் வகை புது பேட் ஒரே மழை ஞாயிறில் பாதி தேய்ந்ததைப் பார்த்த பிறகு, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை எல்லாருடைய வண்டியிலும் சிண்டர்டு என்கிற உலோகக் கலவை பேட் போடச் சொல்கிறேன். கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடும், நிற்கும். வாங்கும் முன் உங்கள் டிஸ்க் தட்டில் "ரெசின் மட்டும்" என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் தட்டையும் மாற்ற வேண்டி வரும்.

லீவர் ஹேண்டில்பாரைத் தொடுகிற அளவு வருகிறது. இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

கேபிள் பிரேக் என்றால் பேட் தேய்ந்ததாலோ கேபிள் நீண்டதாலோதான். லீவர் அருகே அல்லது பிரேக் அருகே இருக்கும் திருகை வெளிப்பக்கமாக அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். போதாவிட்டால் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, மூன்று நாலு மில்லிமீட்டர் இழுத்து, மறுபடி இறுக்குங்கள். காசு செலவில்லை, ஐந்து நிமிஷம்.

ஹைட்ராலிக், அதாவது கேபிளுக்குப் பதில் குழாய்க்குள் திரவம் தள்ளும் பிரேக் என்றால், பத்து தடவை லீவரை அமுக்கிப் பாருங்கள். இறுகி, சற்று நேரத்தில் மறுபடி பஞ்சு மாதிரி ஆகிவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. இது வழியில் செய்யும் வேலை இல்லை. சமதளத்தில் மெதுவாக ஓட்டுங்கள், சரிவில் இறங்கி நடங்கள், மறுநாள் கடையில் கொடுங்கள்.

பேட் புதிது, லீவர் இறுக்கம், ஆனாலும் வழுக்குகிறது. டிஸ்க்கில் எண்ணெய் பட்டுவிட்டது. ஸ்பிரே எண்ணெயைச் செயினுக்கு அடித்தவர்கள் வண்டியில் இது கட்டாயம் வரும். தட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து பேட்டை மாற்ற வேண்டும். அடுப்பில் வாட்டி பேட்டைக் காப்பாற்றலாம் என்று சொல்வார்கள். நான் செய்வதில்லை, பிரேக் விஷயத்தில் சில பவுண்டு மிச்சம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைக்குப் போக வேண்டிய இடம்: டிஸ்க் தட்டு 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே மெலிந்திருந்தால், ரிம் பிரேக் வண்டியில் ரிம்மின் பக்கச் சுவர் விரலுக்குக் குழியாகத் தட்டுப்பட்டால், ஹைட்ராலிக் திரவம் கசிந்தால். குழிந்த ரிம் ஒரு நாள் காற்று அழுத்தத்திலேயே பிளந்துவிடும். அதை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

## அறிகுறி 2: காற்று இறங்குகிறது

மெதுவாக, ஒரு மணி நேரத்தில் இறங்குகிறது. முதலில் வால்வு. எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் கோர் தளர்ந்திருக்கிறது, விரலால் இறுக்கினாலே போதும். குமிழி இல்லை என்றால் முள். இந்தப் பாதைகளின் ஓரத்தில் ஹாத்தார்ன் வேலி நிறைய. இலையுதிர்காலம் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க இயந்திரத்தால் வேலியை வெட்டுவார்கள். அந்த முள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம், கருவேல முள் மாதிரி டயரைத் துளைத்து உள்ளேயே ஒடிந்துவிடும். புதிதாக வெட்டிய வேலியைக் கண்டால் பாதையின் நடுவில் ஓட்டுங்கள். மிகவும் குப்பையாக இருந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு நடங்கள்.

டியூபைக் கழற்றும் முன் டயர் எந்த நிலையில் இருந்தது என்று வால்வை வைத்து அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள். டியூபில் ஓட்டை கிடைத்ததும் அதே இடத்துக்கு நேராக டயரில் தேடலாம். டயரின் உட்புறத்தைத் தடவ விரல் வேண்டாம், துணியைச் சுருட்டித் தடவுங்கள். முள் இருந்தால் நூல் மாட்டும். முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றியதுதான் "இப்பத்தானே மாத்தினோம், மறுபடியும் போச்சு" என்ற புலம்பலுக்குக் காரணம், பத்தில் எட்டுத் தடவை.

கல்லில் ஏறி இறங்கியதும் பட்டென்று இறங்கியது. டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல் இருக்கும், பாம்புக் கடி மாதிரி. காற்று குறைவாக இருந்ததால் டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கியிருக்கிறது. முக்கியத் தடத்தை விட்டு, கல்வேலிகளுக்கு நடுவே போகும் பழைய சந்துகளில் இறங்கினால் இது வரும். அங்கே சுண்ணாம்புக்கல் உடைந்து கூராக நிற்கும். 40 மி.மீ. டயர், டியூப் உள்ளது, 70 கிலோ எடை என்றால் பின்சக்கரத்துக்கு 40, முன்சக்கரத்துக்கு 36 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) சரியாக இருக்கும். உங்கள் எடைக்குத் தக்கபடி கூட்டிக் குறையுங்கள்.

டயரின் பக்கச் சுவர் கிழிந்திருக்கிறது. டியூப் வெளியே பிதுங்கும். உள்ளே கிழிசலுக்கு மேல் தடிப்பான ஏதாவது வைத்து அடைக்க வேண்டும். பழைய டயர்த் துண்டு சிறந்தது. இல்லையென்றால் ஐந்து பவுண்டு நோட்டை நாலாக மடித்து வையுங்கள். 2016 முதல் இங்கே அது பிளாஸ்டிக் நோட்டு, கிழியாது, வீட்டுக்கு வந்து கழுவிச் செலவழிக்கலாம். காற்றை 30-க்கு மேல் ஏற்ற வேண்டாம். நேரே நிலையத்துக்குப் போய்விடுங்கள். அன்றைய பயணம் அவ்வளவுதான்.

டியூப்லெஸ் டயர் புஸ்ஸென்று பால் துப்புகிறது. ஓட்டையைக் கீழ்ப்பக்கமாக வைத்து ஒரு நிமிஷம் காத்திருங்கள், சீலண்ட் (உள்ளே ஊற்றியிருக்கும் அடைப்புத் திரவம்) தேங்கி அடைக்கும். அடைக்கவில்லையா, பிளக் என்கிற ரப்பர் அடைப்பு ஒன்றைக் குத்தி ஏற்றுங்கள். சீலண்டே வெளியே வரவில்லை என்றால் உள்ளே காய்ந்துவிட்டது. மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை ஊற்ற வேண்டியதை ஊற்றாத டயர் அது. அப்போது டியூப் போட வேண்டியதுதான். போடும் முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டியூப்லெஸ் டயரில் நமக்குத் தெரியாமலேயே ஏழெட்டு முள் ஏறி சீலண்டால் அடைபட்டுக் கிடக்கும். எல்லாவற்றையும் உள்ளிருந்து தேடிப் பிடுங்காமல் டியூப் போட்டால் நூறு மீட்டர் கூடப் போகாது.

## அறிகுறி 3: செயினில் சத்தம், தாவல், சிக்கல்

கரகரவென்று அரைக்கிறது. சேறு. வண்டித் தண்ணீரில் கால்பங்கு போதும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே செயினில் ஊற்றி, பிரஷால் தேய்த்து, துணியால் பிடித்துத் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கழுவாமல் சேற்றுக்கு மேலேயே எண்ணெய் விடுவது மட்டும் வேண்டாம். சத்தம் அப்போதைக்கு நிற்கும், ஆனால் எண்ணெயும் தூளும் சேர்ந்து செயினை உள்ளிருந்து தின்னும்.

மிதிக்கும்போது செயின் முன் பல்சக்கரத்தோடு ஒட்டி மேலே ஏறி, சட்டத்துக்கு இடையில் சிக்குகிறது. கனத்த சேற்றில் சின்னக் கியரில் ஏறும்போது வரும். அந்த நொடியே மிதிப்பதை நிறுத்துங்கள். பலமாக மிதித்து விடுவிக்கப் பார்த்தால் சட்டத்தில் வெட்டு விழும், கார்பன் சட்டம் என்றால் அதுதான் இந்தக் கட்டுரையிலேயே விலை கூடிய பழுது. பின்னோக்கிச் சுற்றி விடுவித்து, கழுவி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் பெரிய கியரில் ஓட்டுங்கள்.

கியர் தாவுகிறது. எப்போது தாவுகிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு குறிப்பிட்ட இடைவெளியில், பெடலின் மூன்று நாலு சுற்றுக்கு ஒரு முறை தாவினால், செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் பின் கியர் மாற்றியின் சின்னச் சக்கரத்தில் அது வளையாமல் துள்ளுவது தெரியும். இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்து இளக்குங்கள்.

எல்லாக் கியரிலும் தயங்கித் தயங்கி ஏறினால் கேபிள். பின் கியர் மாற்றியில் கேபிள் நுழையும் இடத்துத் திருகை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பி, ஓட்டிப் பாருங்கள். இன்னொரு கால் சுற்று. அதற்கு மேல் தேவைப்பட்டால் காரணம் வேறு.

ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து இப்படி என்றால், ஹேங்கர் வளைந்திருக்கிறது. பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு அது. இங்கு ரயில்களில் பொதுவாக இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம் வைத்திருப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து வைக்கும்போது வளைவில் சரிந்து, வலப்பக்கமாக விழுந்துவிடும். பின்னால் குனிந்து பாருங்கள், மாற்றியின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பின் பல்சக்கரத்துக்கு நேர்கீழே நிற்க வேண்டும். உட்பக்கம் சாய்ந்திருந்தால் வளைவு உறுதி. அந்த நிலையில் மிகப் பெரிய பின் பல்சக்கரத்துக்கு மாற்றவே மாற்றாதீர்கள். மாற்றி ஸ்போக் கம்பிக்குள் புகுந்து, சக்கரம், ஹேங்கர், மாற்றி மூன்றும் ஒரே நேரத்தில் போகும். நடுக் கியர்களில் மட்டும் ஓட்டித் திரும்பலாம். நிமிர்த்துவதற்கு ஒரு அளவுக் கருவி வேண்டும், அது கடையில் இருக்கும். கையால் நெளிப்பது கடைசி வழி, ஒடியலாம். உங்கள் வண்டிக்குரிய ஹேங்கர் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள், ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு வடிவம். ரயிலில் ஏற்றும்போது கியர் பக்கம் மேலாகவோ வெளிப்புறமாகவோ இருக்கட்டும், சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றி வைத்துவிட்டு, பிரேக் லீவரை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டிவிடுங்கள். வண்டி உருளாது. இந்த ரப்பர் வளையம் எங்கள் குழுவில் பல ஹேங்கர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

பலமாக மிதிக்கும்போது, ஒரே ஒரு பல்சக்கரத்தில் தாவினால் தேய்மானம். சாதாரண அளவுகோலால் பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் பின் பல்சக்கர அடுக்கும் பெரும்பாலும் சேர்ந்தே போயிருக்கும். செயினை மட்டும் உரிய நேரத்தில் மாற்றினால் அந்தப் பெரிய செலவு தள்ளிப்போகும். சமவெளித் தார்ச்சாலையில் ஓட்டுபவர்களைவிட நமக்கு இந்த நேரம் சீக்கிரமே வரும்.

செயின் அறுந்துவிட்டது. கெட்டுப்போன கண்ணியைக் கருவியால் தள்ளி எடுத்து, செயின் லாக் போட்டு மாட்டுங்கள். செயின் கொஞ்சம் குட்டையாகியிருக்கும், அதனால் பெரிய முன் சக்கரம், பெரிய பின் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். கருவி இல்லையென்றால் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பழைய ரயில் தடம் என்பதால் மேடு பள்ளம் குறைவு, ஒரு காலைப் பெடலில் வைத்து மறுகாலால் தரையை உந்தி நடையைவிட வேகமாகவே போகலாம்.

## அறிகுறி 4: சக்கரம் உரசுகிறது, ஆடுகிறது

மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் சேறும் இலையும் திணிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு குச்சியால் நோண்டி எடுத்துவிட்டால் போதும். இல்லையென்றால் சக்கரத்தின் அச்சு. ரயிலில் ஏற்றுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது முழுதாக உட்காரவைக்க மறந்திருப்பார்கள். வண்டியைத் தரையில் நிறுத்தி, அச்சைத் தளர்த்தி, மேலிருந்து அமுக்கி, மறுபடி இறுக்குங்கள்.

அதுவும் சரி என்றால் ஸ்போக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். தொளதொளவென்று ஒன்று கிடைக்கும், அல்லது ஒன்று ஒடிந்திருக்கும். ஒடிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிப் பிளாஸ்டிக் கட்டுப் போட்டுக் கட்டிவிட்டு மெதுவாக ஓட்டலாம். இரண்டு ஒடிந்திருந்தால் ஓட்ட வேண்டாம். பெண்டு எடுப்பது பழகியவர் கைக்கு உரிய வேலை. தெரியாமல் திருகினால் பத்து நிமிஷத்தில் முடிய வேண்டிய வேலை புது ரிம்மில் போய் முடியும்.

சக்கரத்தின் மேல் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது டக்டக்கென்றால் ஹப்பில் பேரிங் தேய்ந்திருக்கிறது. அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த வாரமே கடையில் கொடுங்கள்.

## அறிகுறி 5: மிதிக்கும்போது டக் டக், முன்பக்கம் கடகட

எழுந்து நின்று மிதித்தால் சத்தம் நிற்கிறதா? அப்படியானால் சீட்டும் சீட் தண்டும். கழற்றித் துடைத்து கிரீஸ் தடவி மாட்டுங்கள், சுண்ணாம்புத் தூள் தண்டுக்குள் இறங்கியிருக்கும். நிற்கவில்லை என்றால் பெடல் இறுக்கம், முன் பல்சக்கர போல்ட், கடைசியாக நடு பேரிங். கடைசியானது கடை வேலை.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது கழுத்தில் தட்டினால், ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைக் கழுத்தோடு பிடித்திருக்கும் துண்டு) பக்க போல்ட் இரண்டையும் தளர்த்தி, மேல் மூடி போல்ட்டை லேசாக இறுக்கி, ஹேண்டிலை நேர்படுத்தி, பக்க போல்ட்டுகளை இறுக்குங்கள். வரிசை மாறக் கூடாது.

## அறிகுறி 6: விளக்கு மங்குகிறது

மான்சல் டிரெயிலுக்காகவே இந்தத் தலைப்பு. அங்கே 2011-இல் திறந்த பழைய ரயில் சுரங்கங்களில் பெரியவை நான்கு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 மீட்டர். பகலில் உள்ளே விளக்கு எரியும், பொழுது சாயும்போது அணைந்துவிடும். பழுதால் தாமதமாகி இருட்டில் உள்ளே மாட்டியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். விளக்கு மங்கினால் முதலில் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். பிறகு முனையில் சேறு இருக்கிறதா பாருங்கள். இரண்டும் பலிக்கவில்லை என்றால் விளக்குள்ளவர் பின்னால் இறங்கி நடங்கள்.

## அறிகுறி 7: ஓட்டுபவர் சோர்கிறார்

வண்டிக்கு மட்டும் பார்த்தால் போதாது.

கை மரத்துப்போகிறது. டயரில் காற்று அதிகம், அல்லது சீட் முன்பக்கம் சரிந்து உடல் எடை கையில் விழுகிறது. காற்றை 3 பிஎஸ்ஐ குறையுங்கள், சீட்டை மட்டமாக்குங்கள்.

தலை கனக்கிறது, எரிச்சல் வருகிறது. தண்ணீர். இந்த மேட்டுநிலத்தில் ஓடைகளே இல்லை என்று சொல்லலாம், மழைநீர் கல்லின் வெடிப்புகள் வழியே கீழே போய்விடும். பக்கத்தில் ஓடும் மேனிஃபோல்ட் ஆறே கோடையில் தரைக்கடியில் மறைந்துவிடுகிறது. பச்சையாக இருக்கிறதே, வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கீழிருந்தே கொண்டுவாருங்கள். பார்ஸ்லி ஹே போன்ற இடங்களில் வாடகைச் சைக்கிள் நிலையமும் சிற்றுண்டியும் உண்டு, குளிர்காலத்தில் பூட்டியிருக்கலாம். மாடுகளுக்கு வைத்திருக்கும் தொட்டித் தண்ணீர் வண்டி கழுவ மட்டும்.

நடுக்கம். பழுது பார்க்க அரைமணி நேரம் நின்றால் வியர்வை குளிர்ந்துவிடும். 300 மீட்டருக்கு மேல் மறைப்பே இல்லாத தடம், காற்று எலும்புக்குள் போகும். கருவியை எடுக்கும் முன் எல்லாரையும் மேல்சட்டை போடச் சொல்லுங்கள், வேலை செய்யாதவர்கள் கல்வேலியின் மறைவில் நிற்கட்டும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுங்குவதை நிறுத்தி, பேச்சுக் குழறி, சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது தேறியதன் அடையாளம் அல்ல. 999-ஐ அழையுங்கள், காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்பதைச் சொல்ல, கடைசியாகக் கடந்த பாலம் அல்லது வாகன நிறுத்தத்தின் பெயரைப் போகும்போதே கவனித்து வையுங்கள்.

## அறிகுறி 8: மறுநாள் காலை எல்லாம் விறைத்துக் கிடக்கிறது

ஞாயிறு இரவு களைப்பில் வண்டியை அப்படியே சாத்தி வைத்துவிட்டால், திங்கள் காலை சேறு சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். பிரேக் லீவர் திரும்பாது, செயின் கம்பி போல நிற்கும். சுரண்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை அரைமணி நேரம் சுற்றி வைத்தால் இளகும். உயர் அழுத்தக் குழாயால் பீய்ச்சுவதும் வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீரையும் தூளையும் சேர்த்தே தள்ளிவிடும்.

சேறு காயும் முன் கழுவிவிட்டால் இந்த வேலையே இல்லை. நான் இருப்பது அடுக்குமாடி, தோட்டக் குழாய் கிடையாது. செடிக்கு ஊற்றும் பூவாளியில் இரண்டு முறை நிரப்பி, வாசலில் வைத்து மேலிருந்து கீழாக ஊற்றுகிறேன். முதலில் பிரேக், பிறகு செயின், கடைசியில் சட்டம். துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பேட்டின் கனத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாடிக்குத் தூக்குவேன். பத்து நிமிஷம் ஆகும். ரயில் வரக் காத்திருக்கும் நேரத்திலேயே மிச்சமிருக்கும் வண்டித் தண்ணீரை நடைமேடைக்கு வெளியே நின்று பிரேக்கிலும் செயினிலும் ஊற்றிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பெட்டியில் பக்கத்தில் நிற்பவர் உடுப்பிலும் வெள்ளை படாது.